எச்சரித்தால் போதுமா? வங்கி வாடிக்கையாளர் கல்வியின் இன்றைய நிலை

பணம் வாங்குவதற்கு ‘பின்’ என்ற ரகசிய எண்ணைப் போட வேண்டியதில்லை. இந்த ஒற்றை வாக்கியத்தை ரிசர்வ் வங்கியும் வங்கிகளும் பணப்பரிமாற்றச் செயலிகளும் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தன. சுவரொட்டி, குறுஞ்செய்தி, தொலைக்காட்சி விளம்பரம், கிராமத்து முகாம் என எல்லா வழியிலும் சொன்னார்கள். அப்படிச் சொல்ல வேண்டிவந்ததற்குக் காரணம் யுபிஐ-யில் இருந்த ஒரு வசதி. ‘எனக்கு இவ்வளவு பணம் அனுப்பு’ என்று ஒருவர் இன்னொருவருக்குச் செயலி வழியாகவே கோரிக்கை வைக்கலாம். பழைய சோபாவை இணையத்தில் விற்பனைக்குப் போட்டவருக்கு ஓர் அழைப்பு வரும். பேசுகிறவன் பேரமே பேசாமல் சொன்ன விலைக்கு ஒப்புக்கொள்வான். ‘முன்பணம் அனுப்பியிருக்கிறேன், வந்திருக்கும் அறிவிப்பைத் தொட்டுப் பின் போடுங்கள், கணக்கில் ஏறிவிடும்’ என்பான். திரையில் தெரிவது ஒரு பெயர், பெரிய இலக்கத்தில் ஒரு தொகை, கீழே இரண்டு பொத்தான்கள். அந்தத் தொகை வரப்போகிறதா போகப்போகிறதா என்பதைப் பொத்தானில் இருக்கும் ஒரே ஒரு சொல்தான் சொல்கிறது. சோபா விற்றுவிட்டது என்ற மகிழ்ச்சியில் இருப்பவரின் கண் தொகையில் நிற்கும், சொல்லில் நிற்காது. 2025 அக்டோபரில், தனிநபர்களுக்கு இடையிலான இந்தக் கோரிக்கை வசதியையே யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐ நிறுத்திவிட்டது. ஆண்டுக்கணக்கில் நாடு முழுக்க நடத்தப்பட்ட பாடத்தின் ஒரு முக்கியப் பகுதி, ஒரு சுற்றறிக்கையால் தேவையற்றுப் போனது.

என் வாதம் அந்தச் சுற்றறிக்கையிலிருந்துதான் தொடங்குகிறது. வாடிக்கையாளர் கல்வி என்ற பெயரில் நிதி நிறுவனங்கள் செய்வதில் பெரும்பங்கு, தங்கள் சேவையில் இருக்கும் ஆபத்தை வாடிக்கையாளரின் கவனத்தைக் கொண்டு ஈடுகட்டும் முயற்சி. கவனமோ எல்லோரிடமும் எந்நேரமும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஆகவே, கல்வித் திட்டத்தை நடத்துகிறவர்களுக்குச் சேவையை வடிவமைக்கிறவர்களிடம் ‘இதை மாற்றுங்கள்’ என்று சொல்லும் அதிகாரம் கிடைக்கும்வரை, ஏமாந்தவரின் இழப்பில் நிறுவனமும் பங்கேற்கும் நிலை வரும்வரை, எத்தனை முகாம் போட்டாலும் பலன் சொற்பமாகவே இருக்கும். கல்வியே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. எதைக் கற்பிக்க வேண்டும், எதைத் திருத்த வேண்டும் என்ற எல்லைக்கோடு இன்று தவறான இடத்தில் கிழிக்கப்பட்டிருக்கிறது.

முயற்சியில் குறைவைத்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. பத்தாண்டுகளாக யாரும் எடுக்காத வைப்புத்தொகைகளைக் கொண்டு 2014-ல் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதி உருவாக்கப்பட்டது. ரிசர்வ் வங்கி, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி, காப்பீட்டு ஆணையம், ஓய்வூதிய ஆணையம் ஆகிய நான்கும் சேர்ந்து நிதிக் கல்விக்கான தேசிய மையத்தை நடத்துகின்றன. 2020 முதல் 2025 வரையிலான தேசிய நிதிக் கல்வி உத்தி என்று ஓர் ஆவணமே உண்டு. ஆண்டுதோறும் நிதி எழுத்தறிவு வாரம் நடக்கிறது. கிராமக் கிளைகள் மாதம் ஒரு முகாம் நடத்த வேண்டும். ‘ராஜுவும் நாற்பது திருடர்களும்’ என்ற பொருள்படும் தலைப்பில் மோசடி வகைகளைப் படக்கதைகளாகச் சொல்லும் கையேட்டை ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் 2022-ல் வெளியிட்டது. 2024 இறுதியில் தொடங்கி, யாரை அழைத்தாலும் இணைப்புக் கிடைக்கும் முன் இணையக் குற்ற எச்சரிக்கையைக் கேட்க வேண்டியிருந்த மாதங்களை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இவ்வளவுக்கும் பிறகு, இணையவழி மோசடியில் மக்கள் இழந்ததாகப் பதிவான தொகை 2023-ல் ஏறத்தாழ 7,465 கோடி ரூபாய். 2024-ல் 22,845 கோடி என்று உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. இந்த ஏற்றத்தை மட்டும் வைத்துக் கல்வி தோற்றது என்று தீர்ப்பெழுதக் கூடாது. பரிமாற்றங்களும் பெருகின, 2023 ஆகஸ்டில் மாதம் ஆயிரம் கோடியைத் தொட்ட யுபிஐ பரிமாற்றங்கள் அடுத்த இரண்டே ஆண்டுகளில் இரண்டாயிரம் கோடியைத் தாண்டின. புகார் கொடுக்கும் பழக்கமும் கூடியிருக்கிறது. ஆனாலும் மும்மடங்கு என்பது இந்தக் காரணங்களுக்குள் மட்டும் அடங்கும் வளர்ச்சியாகத் தெரியவில்லை.

முதல் சிக்கல் அளவுகோலில் இருக்கிறது. முகாம்கள் எத்தனை, வந்தவர்கள் எத்தனை பேர், அனுப்பிய குறுஞ்செய்திகள் எத்தனை என்றுதான் திட்டங்கள் கணக்குக் காட்டுகின்றன. வந்து உட்கார்ந்தவர் அடுத்த வாரம் என்ன செய்தார் என்பது அந்தக் கணக்கில் இல்லை. வாடிக்கையாளர் கல்வியைத் தனித் துறையாகவே வளர்த்த மென்பொருள் நிறுவனங்களோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். சேல்ஸ்ஃபோர்ஸ் 2014-ல் தொடங்கிய டிரெயில்ஹெட் போன்ற இலவசப் பயிற்சித் தளங்களை அந்தத் துறையில் எல்லோரும் அறிவார்கள். அங்கே பாடம் படித்தவர் சந்தாவைப் புதுப்பிக்கிறாரா, உதவி கேட்டு வரும் அழைப்புகள் குறைகின்றனவா என்று பார்க்கிறார்கள். ஒரே கேள்வி நூறு பேரிடமிருந்து வந்தால், பாடத்தைத் திருத்துவதா திரையைத் திருத்துவதா என்ற பேச்சு எழுகிறது. அவர்கள் நல்லவர்கள் என்பதால் இப்படி நடக்கவில்லை. குழம்பிய வாடிக்கையாளர் சந்தாவை நிறுத்திவிடுவார், நட்டம் நிறுவனத்துக்கு. வங்கியில் குழம்பிய வாடிக்கையாளர் தன் பணத்தை இழக்கிறார், நட்டம் அவருக்கு. இரண்டு துறைகளிலும் கல்வி என்ற ஒரே சொல் புழங்கினாலும், யார் பணம் போகிறது என்ற வேறுபாடு பாடத்தின் தரத்தையே மாற்றிவிடுகிறது.

நிதிக் கல்வி நடத்தையை மாற்றுமா என்ற கேள்வி ஆய்வாளர்களிடையே பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சூடாக விவாதிக்கப்படுகிறது. 2014-ல் ஃபெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்மேயர் ஆகிய மூவரும் 201 முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மனிதர்களின் நிதி நடத்தையில் காணப்படும் வேறுபாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் நிதிக் கல்வி விளக்குகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. மணிக்கணக்கில் நடத்திய பாடமும் இருபது மாதங்களுக்குப் பின் ஏறக்குறைய தடயமின்றிப் போகிறது என்றார்கள். 2022-ல் கைசர், லுசார்டி உள்ளிட்டோர் 76 சோதனை ஆய்வுகளை, ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்களின் தரவுகளோடு ஆராய்ந்து, அறிவிலும் நடத்தையிலும் தெளிவான முன்னேற்றம் உண்டு என்று மறுத்தார்கள். பாடம் வேகமாகக் கரைந்துவிடுகிறது என்பதற்குச் சான்று போதாது என்றும் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால், எந்த வகைப் பாடம் பலித்தது என்று கேட்பதே பயனுள்ள கேள்வி. டொமினிக்கன் குடியரசில் சிறு வணிகர்களில் ஒரு பகுதியினருக்கு முறையான கணக்குப்பதிவியலும், இன்னொரு பகுதியினருக்குக் கைவழக்கமான எளிய விதிகளும் கற்பிக்கப்பட்டன. கடைப்பணத்தையும் வீட்டுப்பணத்தையும் தனித்தனியே வைப்பது அப்படியொரு விதி. கணக்குப்பதிவியல் படித்தவர்களிடம் பெரிய மாற்றமில்லை. எளிய விதி கற்றவர்களின் கணக்கு வழக்கம் சீரானது. அகமதாபாத்தில் நடந்த ஒரு சோதனையில், காணொளிப் பாடம் மட்டும் பார்த்தவர்களின் நடத்தை பெரிதாக மாறவில்லை. பாடத்தோடு, தனக்கென ஓர் இலக்கை எழுதிக்கொள்வதும் ஒருவர் அருகிலிருந்து ஆலோசனை சொல்வதும் சேர்ந்தபோது மாறியது. சுருக்கமான விதி, முடிவெடுக்கும் நேரத்துக்கு அருகில், ஆள் துணையோடு கற்பிக்கப்பட்டால் பலன் உண்டு. அரங்கத்தில் இருநூறு பேரை உட்காரவைத்துக் காட்டும் படக்காட்சி இந்த மூன்றில் எதிலும் சேராது.

ஆனால் இந்த நல்ல முடிவுகள் எல்லாம் சேமிப்பு, வரவு செலவு, கடன் போன்றவற்றைப் பற்றியவை. கூட்டு வட்டியைக் கற்றுக்கொண்டால் கூட்டு வட்டி தன் குணத்தை மாற்றிக்கொண்டு எதிர்த்து வராது. மோசடிக்காரன் மாறுவான். வங்கி வெளியிடும் எச்சரிக்கையை வாடிக்கையாளர் படிக்கிறாரோ இல்லையோ, அவன் கட்டாயம் படிக்கிறான். இணைய முகவரியில் பூட்டுச் சின்னம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். போலித் தளங்களும் பூட்டோடு வரத் தொடங்கின. ஓடிபி-யை யாரிடமும் சொல்லாதீர்கள் என்றார்கள். ‘நீங்கள் என்னிடம் சொல்லவே வேண்டாம், இயந்திரக் குரல் கேட்கும்போது எண்களை மட்டும் அழுத்துங்கள்’ என்ற புதிய வசனம் வந்தது. வங்கியின் எச்சரிக்கையே மோசடிக்காரனுக்கு நம்பகத்தன்மை தரும் முகவுரையாகிவிட்டது. காவல்துறையினர்போல் நடித்துக் காணொளி அழைப்பில் மிரட்டிப் பணம் பறிக்கும், டிஜிட்டல் கைது என்ற பெயரில் நடக்கும் கொடுமையில் இது உச்சத்தைத் தொட்டது. இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே இல்லை என்று பிரதமர் 2024 அக்டோபரில் வானொலியில் விளக்க வேண்டியிருந்தது. அந்த வலையில் விழுந்தவர்களில் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் மருத்துவர்களும் பேராசிரியர்களும் உண்டு. அவர்களுக்கு எழுத்தறிவோ நிதி அறிவோ குறைவு என்று சொல்ல முடியுமா? அச்சத்தில் மணிக்கணக்காகக் காணொளி அழைப்பில் பிடித்துவைக்கப்பட்ட ஒருவரிடம், முன்பு எப்போதோ படித்த துண்டறிக்கை வேலை செய்யாது. அமெரிக்காவில் சான் டியேகோ கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவ அமைப்பின் 19,500-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு எட்டு மாதங்கள் போலி மின்னஞ்சல்களை அனுப்பிச் சோதித்த ஆய்வு 2025-ல் வெளியானது. பயிற்சி பெற்றவர்கள் ஏமாறும் விகிதம் பெறாதவர்களைவிட வெறும் 1.7 சதவீதம்தான் குறைவு. அவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு, அலுவலக நேரத்தில் பயிற்சி பெற்றவர்கள்.

நிறுவனம் தானே மீறும் பாடத்தை எப்படிக் கற்பிப்பது என்பது இன்னொரு சிக்கல். இதைத்தான் நான் எல்லாவற்றிலும் கனமானதாகக் கருதுகிறேன். ‘குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள்’ என்று காலையில் ஒரு செய்தி வரும். ‘உங்களுக்காகவே முன்கூட்டி ஒப்புதல் பெற்ற கடன், இங்கே தொடுங்கள்’ என்று மாலையில் அதே பெயரிலிருந்து இன்னொரு செய்தி வரும். கேஒய்சி காலாவதியாகிவிட்டது, கணக்கு முடங்கும் என்பது மோசடிக்காரர்களின் நிரந்தர வசனம். கேஒய்சி-யைப் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடங்கும் என்பது வங்கிகளின் உண்மையான அறிவிப்பும்கூட. அறிமுகமில்லாத பத்து இலக்க எண்ணை நம்பாதே என்று சொல்லும் வங்கியின் விற்பனை முகவர், அறிமுகமில்லாத பத்து இலக்க எண்ணிலிருந்துதான் அழைக்கிறார். இந்தச் சூழலில் வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் உண்மையான பயிற்சி, தொடு, எடு, ஒப்புக்கொள் என்பதுதான். சிங்கப்பூரில் 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளால் சுமார் 790 வாடிக்கையாளர்கள் 1.37 கோடி சிங்கப்பூர் டாலரை இழந்தார்கள். அடுத்த மாதமே அந்நாட்டு நிதி ஆணையம், சில்லறை வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் தொடக்கூடிய இணைப்பே இருக்கக் கூடாது என்று வங்கிகளுக்குக் கட்டளையிட்டது. புதிய கைபேசியில், பரிமாற்றத்தை அங்கீகரிக்கும் டிஜிட்டல் டோக்கனைச் செயல்படுத்தக் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்கும்படியும் செய்தது. அதன் பிறகு ‘இணைப்பு வந்தால் அது வங்கி அல்ல’ என்ற பாடம் விதிவிலக்கில்லாத உண்மையானது. விதிவிலக்கில்லாத உண்மையை ஒரு நிமிடத்தில் யாருக்கும் கற்பிக்கலாம். இந்தியாவிலும் காலந்தாழ்ந்தேனும் இதே திசையில் நகர்வு தெரிகிறது. வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் இறுதிக்குள் ‘பேங்க் டாட் இன்’ என்று முடியும் இணைய முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. நிதி நிறுவனங்களின் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்வரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது. 2025 ஏப்ரலிலிருந்து நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் வழியாக அனுப்பும்போது, பெறுபவரின் பெயரைப் பணம் போவதற்கு முன்பே சரிபார்க்க முடிகிறது. இவற்றில் எதுவும் கல்வித் திட்டம் என்ற பெயரில் வரவில்லை. ஆனால் கல்வியைச் சாத்தியமாக்கியவை இவைதான்.

எச்சரிக்கைக்கும் கட்டமைப்புத் திருத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பங்குச்சந்தையில் இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம், ஏனென்றால் அங்கே எண்கள் கைவசம் இருக்கின்றன. எஃப் அண்ட் ஓ எனப்படும் முன்பேர, விருப்ப ஒப்பந்த வர்த்தகத்தில் பத்தில் ஒன்பது தனிநபர்கள் நட்டமடைகிறார்கள் என்று செபி 2023 தொடக்கத்தில் கண்டறிந்தது. வாடிக்கையாளர் உள்ளே நுழையும்போதே இந்தப் புள்ளிவிவரம் திரையில் வர வேண்டும் என்று தரகு நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. கல்வியில் இதைவிடச் சுருக்கமான, உண்மையான, முடிவெடுக்கும் நொடிக்கு இவ்வளவு அருகிலான வாசகம் கிடைப்பது அரிது. விளைவு? 2021-22-ல் சுமார் 51 லட்சமாக இருந்த தனிநபர் வர்த்தகர்கள் 2023-24-ல் 96 லட்சத்தை நெருங்கினார்கள். மூன்று நிதியாண்டுகளில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள்; மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. 2024 நவம்பரில் செபி வேறு வழியில் இறங்கியது. ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பை 15 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. வாரந்தோறும் முடியும் குறியீட்டு ஒப்பந்தம் ஒரு சந்தைக்கு ஒன்றுதான் என்று வரம்பிட்டது. அதற்குப் பிந்தைய மாதங்களில் தனிநபர் வர்த்தகர்களின் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. உள்ளே இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் தொடர்ந்து நட்டமடைந்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. எனினும், எச்சரிக்கை வாசகத்தால் அசையாத கூட்டம், வாசல் சற்று உயர்ந்ததும் குறைந்தது என்பது பதிவான உண்மை.

இனிப் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை பலவகையிலும் மெச்சத்தக்கது. வங்கியின் குறையால் கணக்கிலிருந்து பணம் போனாலும், மூன்றாம் தரப்பின் பாதுகாப்பு மீறலால் போனதை மூன்று வேலைநாட்களுக்குள் தெரிவித்தாலும், வாடிக்கையாளருக்கு இழப்பே இல்லை. மெய்ப்பிக்கும் சுமையும் வங்கியுடையது. ஆனால் வாடிக்கையாளரின் கவனக்குறைவால், எடுத்துக்காட்டாக ரகசிய எண்ணைப் பகிர்ந்ததால் போனது என்றால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன முழுத் தொகையும் அவர் தலையில்தான். இந்த இடத்தில்தான் கல்வி தன் முகத்தை மாற்றிக்கொள்கிறது. ஆயிரம் முறை சொன்னோமே, குறுஞ்செய்தி அனுப்பினோமே, பிறகும் பின் போட்டீர்களே என்பது வங்கியின் பதில். கற்பிப்பதற்காக அனுப்பிய செய்தி, கைகழுவுவதற்கான ஆவணமாகிறது. ஒரு திட்டம் தோற்றால் அதன் நட்டம் நடத்தியவரைத் தொடவே தொடாது என்றால், அதைச் சீர்படுத்தும் அவசரம் எங்கிருந்து வரும்? பிரிட்டன் இதைத் திருப்பிப் போட்டிருக்கிறது. ஏமாற்றப்பட்டுத் தானே பணம் அனுப்பிய வாடிக்கையாளருக்கும் 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும் என்பது 2024 அக்டோபர் 7 முதல் அங்கே விதி. அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப்பாதி ஏற்க வேண்டும். மோசடிக்காரன் கணக்குத் திறக்க இடம்கொடுத்த வங்கியையும் இதில் இழுத்தது நல்ல சிந்தனை. அதற்கு முந்தைய ஆண்டே, வாடிக்கையாளருக்கு அனுப்பும் தகவல் அவருக்குப் புரிகிறதா என்று சோதித்துப் பார்க்கும் கடமையை அந்நாட்டு நிதி நடத்தை ஆணையம் நிறுவனங்கள்மேல் சுமத்தியிருந்தது.

இதற்கு எதிராக வலுவாகச் சொல்லப்படுவது, பணம் எப்படியும் திரும்பும் என்றால் மக்கள் அலட்சியமாக இருப்பார்கள், நேர்மையான வாடிக்கையாளரின் கட்டணத்திலிருந்து அலட்சியக்காரருக்குப் பணம் போகும் என்ற கருத்து. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. பிரிட்டனின் விதியே பெருங்கவனக்குறைவுக்கு விலக்கு வைத்திருக்கிறது. முதல் நூறு பவுண்டுவரை வாடிக்கையாளரை ஏற்கச் செய்ய வங்கிக்கு உரிமையும் தருகிறது. ஆனால் அலட்சியம் என்ற சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். வாழ்நாள் சேமிப்பை இழந்தவர், திருப்பிக் கிடைக்கும் என்ற தைரியத்தில் அனுப்பியவர் அல்லர். காவல்துறை சீருடையில் ஒருவன் திரையில் மிரட்டியதால் அனுப்பியவர். அதோடு, ஒரு முதியவரின் கணக்கிலிருந்து முன்பின் தெரியாத கணக்குகளுக்கு ஒரே நாளில் பல லட்சம் போவதைப் பார்க்கக்கூடிய இடத்தில் இருப்பது வங்கி மட்டுமே. பார்க்கக்கூடியவர்மேல் பொறுப்பை வைப்பது நியாயமான கணக்கு. வேகமும் எளிமையும்தான் யுபிஐ-யின் வெற்றி, தடைகள் போட்டால் அது கெடும் என்பது மற்றொரு மறுப்பு. தேநீர்க் கடையில் பதினைந்து ரூபாய் கொடுப்பவருக்கு எந்தத் தடையும் தேவையில்லை. முதன்முறையாக ஒரு கணக்குக்கு ஐந்து லட்சம் அனுப்புகிறவரைச் சில மணி நேரம் காக்கவைப்பதால் அந்த எளிமை குலையாது. சிங்கப்பூரின் 12 மணி நேரக் காத்திருப்பால் அங்கே இணையவழி வங்கிச் சேவை நின்றுபோய்விடவில்லை.

கல்வியால் மட்டுமே ஆகக்கூடிய வேலைகள் ஏராளம் உண்டு, அவைதான் இன்று கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன. கடனின் உண்மையான ஆண்டு வட்டி என்ன, கட்டணங்கள் என்னென்ன என்பதை ஒரே தாளில், கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்ற விதி 2024 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தத் தாளில் இல்லாத கட்டணத்தை வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதமின்றி வாங்கவும் முடியாது. நகைக்கடன் இவ்வளவு பரவியிருக்கும் தமிழ்நாட்டில் இது எவ்வளவு பெரிய பாடப்பொருள்! சங்கிலியைத் தட்டில் வைத்துவிட்டுக் கவுண்டர் முன் நிற்கும் பெண்ணுக்கு, கையெழுத்துப் போடும் இடத்தைச் சுட்டிக்காட்டும் விரலுக்குப் பதிலாக, அந்தத் தாளில் உள்ள மூன்று எண்களை வாய்விட்டு வாசித்துக்காட்டும் ஒருவர் இருந்தால் அது கல்வி. முடிவெடுக்கும் நேரம், சுருக்கமான விதி, அருகில் ஒரு மனிதர் என்று ஆய்வுகள் சொன்ன மூன்றும் அங்கே கூடிவருகின்றன. மொழியையும் இங்கே சொல்ல வேண்டும். பெரும்பாலான வங்கிக் குறுஞ்செய்திகள் இன்றும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. பணம் வந்ததா போனதா என்பதை ‘கிரெடிட்டட்’, ‘டெபிட்டட்’ என்ற, எழுத்தளவில் நெருங்கிய இரண்டு ஆங்கிலச் சொற்கள் தீர்மானிக்கின்றன. வரவு, செலவு என்று எல்லா வீட்டிலும் புழங்கும் சொற்கள் நம்மிடம் இருக்கும்போது, அந்தச் செய்தியைத் தமிழில் அனுப்பாமல் தமிழில் முகாம் மட்டும் நடத்துவது தலைகீழான வரிசை. குரலைப் போலிசெய்யும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட பிறகு, அறிந்த குரலை நம்பலாம் என்ற பழைய பாடமும் போய்விட்டது. அதே தொழில்நுட்பம், படிக்கத் தெரியாதவரிடம் தமிழில் பேசி, கேட்ட கேள்விக்கு விடை சொல்லவும் உதவக்கூடும். ஆனால் அந்த விடை பிழையானால் யார் பொறுப்பு என்பது முன்கூட்டியே எழுதப்பட வேண்டும்.

ஆகவே வாடிக்கையாளர் கல்வியை நடத்துகிறவர் விளம்பரத் துறையின் ஒரு மூலையில் அமர்ந்திருக்கக் கூடாது என்பது என் முடிவு. அவருடைய மேசைக்கு மோசடிப் புகார்கள் ஒவ்வொன்றும் வர வேண்டும். எந்தத் திரையில், எந்தச் சொல்லில், எந்த நிமிடத்தில் வாடிக்கையாளர் தவறினார் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் பலர் தவறினால் அதை வடிவமைப்பின் பிழையாகப் பதிவுசெய்து, திருத்தச் சொல்லும் உரிமை அவருக்கு வேண்டும். ஆண்டு அறிக்கையில் முகாம்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில், திருத்தப்பட்ட திரைகளின் எண்ணிக்கையும், வாடிக்கையாளர்கள் இழந்த தொகையும், திருப்பித் தரப்பட்ட தொகையும் அச்சாக வேண்டும். பாடத்திட்டத்திலும் ஒரு சமநிலை வேண்டும். வாடிக்கையாளர் செய்யக் கூடாதவை பற்றி நாம் கேட்டதில் பத்தில் ஒரு பங்காவது, அவருக்குள்ள உரிமைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறோமா? மூன்று வேலைநாள் விதியை ரிசர்வ் வங்கி தன் விளம்பரங்களில் சொல்லியிருக்கிறது. ஓடிபி எச்சரிக்கை போய்ச் சேர்ந்த தூரத்துக்கு அது போய்ச் சேரவில்லை.

அந்த உரிமையை இங்கேயே எழுதிவைக்கிறேன். உங்கள் கணக்கிலிருந்து நீங்கள் அறியாமல் பணம் போனால், உடனே வங்கிக்குத் தெரிவித்துப் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எவ்வளவு சீக்கிரம் தெரிவிக்கிறீர்களோ அவ்வளவு உங்கள் பக்கம் வலுக்கும். மூன்று வேலைநாட்கள் தாண்டவிடாதீர்கள். ஏமாற்றப்பட்டு நீங்களே அனுப்பியிருந்தாலும் வெட்கப்பட்டு மறைக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் முடக்க முடிந்தால்தான் மீட்க வழி உண்டு. வங்கியின் பதில் முப்பது நாட்களுக்குள் வராவிட்டாலோ, வந்த பதிலில் நிறைவில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.